இரண்டு வழிகள் திறந்திருந்தும்

“உனக்குப் புரியலைன்னா அது தப்புன்னு ஆயிடாதும்மா. எதைப் பாத்தாலும் திருத்தணுமா உனக்கு? இன்னிக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள், வாயை மூடிக்கிட்டு உக்காந்திரு, அது போதும் எனக்கு.” ஒரு வார்த்தை கூடக் குறையாமல் இதைத்தான் சொன்னாள் ஜோவிட்டா, காரிலிருந்து இறங்கி, இயற்பியல் துறை வாசலில், காவலாளி காது கேட்க. அப்படி என்ன கேட்கக்கூடாததை ஜெசிந்தா கேட்டுவிட்டாள்? உதவி செய்தவர்களுக்கு நன்றி சொல்கிற ஸ்லைடு படத்தைக் கொண்டுபோய்க் கடைசியில் வைத்திருக்கிறாயே, அது முதலில் அல்லவா வரவேண்டும் என்றாள். அவ்வளவுதான். “புரியலைன்னு யாருடி சொன்னது? மரியாதை தெரியாதவங்க ஏற்படுத்தின வழக்கம்னு சொன்னேன்” என்று பதிலுக்கு இவளும் விட்டுக்கொடுக்காமல் சொல்ல, “ரெண்டு பேரும் கொஞ்சம் மெதுவா...” என்று கணவர் அருளப்பன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஆரம்பிக்க, தாயும் மகளும் ஒரே மூச்சில் “நீங்க வண்டிய நிழல்ல போடுங்க” என்று அவர் மேல் பாய்ந்தார்கள். இப்போது கருத்தரங்க அறையின் மூன்றாவது வரிசையில், மணி பதினொன்று பத்துக்கு, வாயை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறாள் ஜெசிந்தா. மூடினால் என்ன, கண் மூடவில்லையே. சுவரில் ஒட்டியிருக்கும் அறிவிப்பில் ‘சைலன்ஸ்’ என்ற சொல்லில் ஓர் எழுத்து விழுந்துகிடக்கிறது, கண்ணில் தூசி விழுந்த மாதிரி உறுத்துகிறது. இத்தனை பேராசிரியர்கள் தினம் இதைத் தாண்டித்தானே போகிறார்கள், ஒருவருக்கும் உறுத்தவில்லையா? சிஸ்டர் யூஜினியாக இருந்தால் சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு நாற்காலி மேல் ஏறியிருப்பார். கான்வென்ட்டில் பன்னிரண்டு வருஷம் அந்தப் பென்சிலுக்குக் கீழே வளர்ந்தவள் இவள். கல்யாணப் பத்திரிகை, மருந்துச் சீட்டு, பங்குத் தந்தையின் ஞாயிறு அறிக்கை, நாத்தனார் மாமியாரின் கல்லறைக் கல், எதையும் திருத்தாமல் விட்டதில்லை. கல்லறைக் கல் விஷயத்தில் இரண்டு வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் போனது, போகட்டும், பிழை பிழைதானே. மேடையில் ஜோவிட்டா மைக்கைத் தட்டிப் பார்க்கிறாள். துப்பட்டாவுக்கு இன்னொரு ஊக்கு குத்தியிருக்கலாம். சொன்னால் கேட்டால்தானே. ஐந்தரை வருஷ ஆராய்ச்சி, இன்றைக்கு எல்லார் முன்னாலும் பேசி, வெளியூரிலிருந்து வந்திருக்கும் தேர்வாளர் கேட்கும் கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி, அவருக்குத் திருப்தி என்றால் இங்கேயே இப்போதே டாக்டர் என்று அறிவித்துவிடுவார்களாம். திருப்தி இல்லையென்றால்? அதை யாரும் சொல்லவில்லை. எப்படியும் ஸ்வீட் காரம் காபி பெண் வீட்டார் செலவுதான், அது இங்கே எழுதாத சட்டம், பெண் பார்க்க வந்தவர்களுக்குக் கொடுக்கிற மாதிரி. எண்பது சமோசா வராந்தாவில் ஆறிக்கொண்டிருக்கிறது. ஆறின சமோசாவைத் தின்றுவிட்டு யாருக்குத் திருப்தி வரும்?

பேச்சு ஆரம்பித்துவிட்டது. எல்லாம் ஆங்கிலத்தில். அதில் ஜெசிந்தாவுக்கு ஒரு கஷ்டமும் இல்லை, உச்சரிப்பு சுத்தமாக இருக்கிறது, அது யார் கொடுத்தது, அம்மா கொடுத்தது. திரையில் அறுகோணமாக ஒரு வளையம், பென்சீனாம், இரண்டு பக்கமும் தங்க முனைகள். ஒரு தங்க முனையிலிருந்து எலக்ட்ரான் கிளம்பி அந்த வளையத்துக்குள் நுழைந்து மறு முனைக்குப் போகவேண்டும். ஐந்தரை வருஷமாக இவள் படித்தது இவ்வளவுதானா, கிளம்பி வந்து சேருவது? கூட்டத்தில் முன்வரிசையில் தேர்வாளர், பேராசிரியர் வத்சலா வாரியர், பாலக்காட்டுக்காரர். ஆண்பிள்ளையாக இருப்பார் என்றுதான் ஏனோ ஜெசிந்தா நினைத்திருந்தாள். தன் வயதுதான் இருக்கும், ஐம்பத்துமூன்று, ஐம்பத்துநாலு. கஞ்சி போட்ட பருத்திப் புடவை, காதுக்குப் பின்னால் சொருகிய பென்சில். பென்சிலைப் பார்த்ததுமே மனசுக்குள் ஒரு நெருக்கம், நம்ம ஜாதி இவள் என்று. பெரியவளாகி இப்படி முன்வரிசையில் உட்கார்ந்து அடுத்தவர்களின் ஐந்தரை வருஷத்தைப் பென்சிலால் தொடவேண்டும் என்று தானும் ஒரு காலத்தில் நினைத்ததுண்டு. எம்.ஏ. இடம் கிடைத்த வாரம்தான் மின்வாரியத்தில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை வந்தார். சரி, அது இப்போது எதற்கு? தேர்வாளர் மடியில் ஜோவிட்டாவின் ஆய்வேடு, கருஞ்சிவப்பு அட்டை, பொன்னெழுத்து. பக்கங்களுக்கு நடுவே மஞ்சள் காகித நறுக்குகள் நீட்டிக்கொண்டிருந்தன. ஐந்தா ஆறா? எண்ணிக்கொண்டிருந்தபோதுதான் மேடையிலிருந்து அந்த வாக்கியம் வந்தது. “வளையத்தில் எலக்ட்ரானுக்கு இரண்டு வழிகள் உண்டு, இடப்பக்கம், வலப்பக்கம். எலக்ட்ரான் அலையாகவும் இருப்பதால் இரண்டிலும் ஒரே சமயத்தில் போகிறது. நேரெதிர் மூலையில் முனையைப் பொருத்தினால் இரண்டு வழியும் ஒரே நீளம், இரண்டு அலைகளும் கைகோத்து வந்து சேரும், மின்னோட்டம் பலமாகும். ஒரு மூலை தள்ளிப் பொருத்தினால் ஒரு வழி குட்டை, ஒரு வழி நெட்டை. ஒன்று மேடாக வரும்போது மற்றது பள்ளமாக வரும். ஒன்றை ஒன்று அழித்துவிடும். இரண்டு வழிகள் திறந்திருந்தும் மின்னோட்டம் ஏறக்குறைய இல்லாமல் போகும். என் ஆய்வின் மையமே இதுதான்.” மையமே இதுதான். ஜெசிந்தா நறுக்குகளை எண்ணுவதை விட்டாள். இல்லாமல் போகுமா? போகுமா? எண்பத்தேழாம் பக்கம். ஏசுவே, எண்பத்தேழாம் பக்கம்.

மே மாதம், சுடுகாடு மாதிரி வெயில், திருச்சியில் காக்கை கூடக் கத்தாத மதியம். ஜோவிட்டா மூன்று நாளாகத் தூங்காமல் கண் சிவந்து மடிக்கணினியை இவள் முன்னால் வைத்து, “அம்மா, இங்கிலீஷை மட்டும் பாரு. காற்புள்ளி, அரைப்புள்ளி, அவ்வளவுதான். விஷயத்தில கை வைக்காதே” என்று சொல்லிவிட்டுப் போய்ச் சுவரோரம் சுருண்டு படுத்தாள். இருநூற்றுப் பத்துப் பக்கம். ஜெசிந்தா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். எவ்வளவு காலத்துக்கு அப்புறம் ஒருத்தி தன்னிடம் ஓர் உருப்படியான வேலையைக் கொடுத்திருக்கிறாள்! நாலு பக்க நீளத்துக்கு மூச்சுவிடாமல் ஓடிய வாக்கியங்களை உடைத்தாள், ‘ஆகவே’க்களைக் களை பிடுங்குவது போலப் பிடுங்கினாள், குக்கர் சத்தம் போட்டதைக்கூடக் காதில் வாங்கவில்லை, பருப்பு அடிப்பிடித்தது. எண்பத்தேழாம் பக்கத்தில் வந்து நின்றாள். ‘இரண்டு வழிகள் திறந்திருந்தும் மின்னோட்டம் ஏறக்குறைய இல்லாமல் போகிறது.’ பாவம், தூக்கக் கலக்கத்தில் எழுதியிருக்கிறாள். வாசல் ஒன்றுக்கு இரண்டாக இருந்தால் ஆள் கூடத்தானே வருவார்கள்? இருந்தாலும் கேட்டுவிடுவோம் என்று ஊஞ்சலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அருளப்பனிடம் கேட்டாள், “ஏங்க, ரெண்டு வழி இருந்தா கரண்ட் கூடுமா, கொறையுமா?” அவர் பேப்பரை இறக்காமல், “ஒரு கம்பி தாங்காத எடத்துக்கு ரெண்டாவது கம்பி இழுக்கிறதே அதுக்குத்தானே. முப்பத்தோரு வருஷம் இழுத்திருக்கேன், எங்கிட்ட கேக்கிறியே” என்றார். அப்புறம் என்ன? ‘திறந்திருந்தும்’ போய் ‘திறந்திருப்பதால்’ வந்தது. ‘இல்லாமல் போகிறது’ போய் ‘இருமடங்காகிறது’ வந்தது. வாக்கியத்துக்கு ஒரு கம்பீரம்கூட வந்தது, திரும்ப ஒரு தரம் வாய்விட்டுப் படித்து ரசித்தாள். சிவப்புப் பென்சிலாக இருந்திருந்தால் காகிதத்தில் தழும்பாவது இருந்திருக்கும். கணினியில் எது இருந்தது, எது போனது என்று ஒரு சுவடும் கிடையாது, கழுவிவிட்ட பாத்திரம் மாதிரி. மறுநாள் காலை ஜோவிட்டா அப்படியே எடுத்துக்கொண்டு ஓடினாள். அச்சுக்குப் போனது, அட்டை போட்டது, பொன்னெழுத்து குத்தியது, பாலக்காட்டுக்குப் போனது, இப்போது அந்தம்மாள் மடியில் இருக்கிறது. மேடையில் ஒன்றைச் சொல்கிறாள், ஏட்டில் அதற்கு நேர் எதிரானது இருக்கிறது. என் மகளின் ஐந்தரை வருஷத்தை நான் ஒரு மதியத்தில், பருப்பு அடிப்பிடிக்கிற நேரத்தில், இரண்டே சொல்லில், தலைகீழாக்கி வைத்திருக்கிறேன்.

“என்னங்க.” மெதுவாகத்தான் கூப்பிட்டாள். அருளப்பன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, வாய் லேசாகத் திறந்திருந்தது, மகள் பேசுவது புரிகிற மாதிரி முகத்தை வைத்திருந்தார். “என்னங்க, எண்பத்தேழாம் பக்கம்.” “என்ன பக்கம்?” “ரெண்டு வழி இருந்தா கரண்ட் கூடும்னு சொன்னீங்களே, மே மாசம்.” “நான் எங்க சொன்னேன்?” “ஊஞ்சல்ல உக்காந்து சொன்னீங்க.” “கூடத்தான் செய்யும்.” “இப்ப அவ இல்லேங்கிறாளே!” “அது சின்ன கரண்ட்டா இருக்கும்” என்றார் அருளப்பன், முப்பத்தோரு வருஷ அனுபவத்தோடு, மறுபடி திரையைப் பார்த்தார். இவரைக் கேட்டது என் தப்பு. இல்லை, கேட்டது தப்பில்லை, கேட்காமலே மாற்றியிருப்பேன், ஒரு துணைக்குத்தானே கேட்டேன், இரண்டு பேர் சொன்னால் உண்மை இரண்டு மடங்காகும் என்று. இரண்டு பேர் சொல்லி எது நடந்தது இந்த வீட்டில்? போன வருஷம் நாகர்கோவில் வரன் வந்தபோது, அடுக்களையில் இவள் சொன்னாள், பையன் நல்லவன், குடும்பம் நல்லது, யோசித்துப் பார். அதே வார்த்தையை அன்று மாலை காரில் அவர் சொன்னார். இரண்டு வழியாகவும் போய்ச் சேர்ந்தது அவள் காதில். விளைவு, ஒன்றுமில்லை, ஒரு வாரம் வீட்டில் பேச்சே கிடையாது. ஒருத்தர் மட்டும் சொல்லியிருந்தால் கேட்டிருப்பாளோ என்னவோ. கோயிலில் இரண்டு ஒலிபெருக்கி வைத்தார்களே, பலிபீடத்துக்கு இடமும் வலமும், ஒன்று போதாது என்று நன்கொடை பிரித்து. வைத்ததிலிருந்து நாலாவது தூணுக்குப் பக்கத்தில் நின்றால் பாதிரியார் வாய் அசைவது தெரியும், பிரசங்கம் கேட்காது. அந்தத் தூணோரம்தான் பத்து வருஷமாக அருளப்பன் நிற்கிறார். எவ்வளவு பக்தியாகத் தலைகுனிந்து நிற்கிறார் என்று ஜெசிந்தா பெருமைப்பட்ட காலம் உண்டு. ஒருநாள் தானும் போய் நின்றுபார்த்தபோதுதான் தெரிந்தது, மனுஷன் தூங்கிக்கொண்டு நிற்கிறார். அன்றைக்கே உறைத்திருக்க வேண்டாமா? இரண்டு ஒலிபெருக்கி இருந்தும் சத்தமில்லாமல் போகிற இடத்தில் தானே நின்றிருக்கிறாளே, காதால் கேட்டிருக்கிறாளே, கேட்காததைக் கேட்டிருக்கிறாளே, அப்புறம் எப்படி அந்த வாக்கியத்தில் கை வைத்தாள்? உனக்குப் புரியலைன்னா அது தப்புன்னு ஆயிடாதும்மா. காலையில் சொன்னது நன்றிப் படத்தைப் பற்றித்தானா? இல்லை, அவளுக்குத் தெரியுமா? தெரிந்தால் சும்மா விடுவாளா, வீட்டுக் கூரை இருக்குமா? அவளுக்குத் தெரியாது. தெரியாமல்தான் இப்படிச் சிரித்த முகமாக நிற்கிறாள். பாவி, என் பெண்ணே.

வருகைத்தாள் வரிசை வரிசையாக வந்தது. ஓர் அட்டையில் செருகிய தாள், பெயர், முகவரி, கையெழுத்து, கடைசிக் கட்டத்தில் ‘கருத்து / கேள்வி’. இத்தனை பேர் வந்து கேட்டார்கள் என்பதற்குச் சாட்சியாம், இதுவும் கோப்பில் போகுமாம். அருளப்பன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து அழகாகத் தன் பெயரை எழுதி, ஓய்வு என்றும் சேர்த்து, பேனாவை மூடித் திரும்பப் பையில் செருகிக்கொண்டு தாளை நீட்டினார். ஜெசிந்தா வாங்கினாள், அந்தக் கடைசிக் கட்டத்தைப் பார்த்தாள், ஒன்றும் எழுதாமல் பக்கத்திலிருந்த மாணவியிடம் தள்ளிவிட்டாள். சாட்சிக் கையெழுத்துப் போடுகிற யோக்கியதை தனக்கு எங்கே இருக்கிறது? எழுந்து சொல்லிவிடலாமா? எண்பத்தேழாம் பக்கத்துப் பிழை என்னுடையது, என் மகள் சரியாகத்தான் எழுதியிருந்தாள், நான் ஒரு பி.ஏ. இலக்கியம், எனக்கு எதைப் பார்த்தாலும் திருத்தவேண்டும். சொன்னால் என்ன ஆகும்? ஆய்வேட்டை அம்மாவைவிட்டுத் திருத்தினாளா என்று இன்னொரு கேள்வி கிளம்பும். சொல்லாவிட்டால் மேடையில் அவள் விழிப்பாள். சொன்னாலும் கெடுதல், சொல்லாவிட்டாலும் கெடுதல். வாயை மூடிக்கிட்டு உக்காந்திரு, அது போதும் எனக்கு. பொய்ச்சொல் வராத ஒரே ஜெபம் மௌனம்தான் என்பார் சிஸ்டர் யூஜினி, அவரும் ஒரு நாளும் மௌனமாக இருந்ததில்லை. அர்ச்சிஷ்ட மரியாயே, அந்த மஞ்சள் நறுக்கு எண்பத்தேழில் இல்லாமல் இருக்கட்டும், எண்பத்தாறில் இருக்கட்டும், எண்பத்தெட்டில் இருக்கட்டும், நான் இனிமேல் எந்தக் கல்லறைக் கல்லையும் பார்க்கமாட்டேன். அறையில் கைதட்டல் கேட்டது. பேச்சு முடிந்துவிட்டது போலிருக்கிறது. அடுத்த வளையம், அதற்கடுத்த வளையம், வரைபடங்கள், மலைபோல் ஏறிக் கிணறுபோல் இறங்கிய கோடு ஒன்று, எதுவும் இவள் மண்டையில் ஏறவில்லை. கடைசிப் படம் திரையில் நின்றது, ஏதேதோ பெயர்கள். அதை யார் பார்த்தார்கள்? ஜெசிந்தாவின் கண் முழுக்க மஞ்சள் நறுக்குகளில் இருந்தது. ஆறு. ஆறேதான்.

நெறியாளர் தில்லைநாயகம் எழுந்து, நேரில் வராத வெளிநாட்டுத் தேர்வாளர் எழுதி அனுப்பிய அறிக்கையில் கேள்வி ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு, “மேடம், நீங்க” என்று கைகாட்டினார். பேராசிரியர் வாரியர் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். முதல் நறுக்கு, பதினாலாம் பக்கம், ஏதோ சமன்பாடு, ஜோவிட்டா சடசடவென்று பதில் சொன்னாள். இரண்டாவது, முப்பத்தொன்பது. மூன்றாவது, அறுபத்திரண்டு, அதற்கு ஜோவிட்டா ஒரு நிமிஷம் தடுமாறி, பலகையில் ஏதோ வரைந்து காட்டி, “எனக்கு இதுவரைதான் தெரியும், மேடம்” என்றாள். அந்தம்மாள், “எனக்கும் இதுவரைதான்” என்றார், எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்காதீர்கள், யாரும் சிரிக்காதீர்கள், பக்கம் திரும்புகிறது, நாலாவது நறுக்கு. ஜெசிந்தாவுக்குக் காதில் ரத்தம் மோதுகிற சத்தம். பள்ளிக்கூடத்தில் தமிழ் பேசியதற்காக முட்டிபோடச் சொல்லி, பெயரைக் கூப்பிடப் போகும் முன் வருமே, அந்தச் சத்தம். “பேஜ் எய்ட்டி செவன்” என்றார் பேராசிரியர் வாரியர்.

ஜெசிந்தா எழுந்துவிட்டாள். முழுசாக இல்லை, பாதி. நாற்காலியின் மடக்குப் பலகை பின்னால் தடாலென்று மடங்கியது, நாலைந்து தலைகள் திரும்பின, அருளப்பன் இவள் முந்தானையைப் பிடித்துக் கீழே இழுத்து, “பாத்ரூமா?” என்றார். “எண்பத்தேழு, மேலிருந்து பன்னிரண்டாவது வரி” என்று அந்தம்மாள் தொடர்ந்தார், “அந்த வாக்கியத்தைக் கொஞ்சம் வாய்விட்டு வாசியுங்கள்.” ஜோவிட்டா மேடையிலிருந்த பிரதியைப் புரட்டினாள். எவ்வளவு நேரம் புரட்டுவாள் ஒரு பெண், எண்பத்தாறு பக்கத்தைத் தாண்ட இவ்வளவு நேரமா, இவள் முட்டி மடங்கியும் மடங்காமலும் காற்றில் நிற்கிறது, வாய் திறந்துவிட்டது, முதல் சொல் நாக்கில் வந்து உட்கார்ந்துவிட்டது, மேடம் என்ற சொல். அதற்குள் ஜோவிட்டா வாசித்தாள், சுத்தமான உச்சரிப்பில், நிறுத்தி, நிதானமாக: “இரண்டு வழிகள் திறந்திருந்தும் மின்னோட்டம் ஏறக்குறைய இல்லாமல் போகிறது.” திறந்திருந்தும். இல்லாமல் போகிறது. ஜெசிந்தா உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்ன, விழுந்தாள், பலகையை இறக்காமல், அருளப்பனின் கை மேல், அவர் ஐயோ என்று முனகியதையும் சேர்த்து ஒரு கணம் உலகமே இனிப்பாக இருந்தது. முப்பது வருஷமாக வகுப்பில் இதைச் சொல்லிப் பார்க்கிறேன், இவ்வளவு எளிமையாக எனக்கே வந்ததில்லை, அதற்காகத்தான் ஒரு தரம் கேட்க ஆசைப்பட்டேன் என்றார் அந்தம்மாள். அதற்கப்புறம் கேள்வியும் கேட்டார், அப்படியானால் சோதனையில் ஏன் முழுப் பூஜ்யம் வருவதில்லை என்று. மூலக்கூறு சிலை மாதிரி நிற்பதில்லை மேடம், அறைச் சூட்டில் ஆடிக்கொண்டே இருக்கிறது, அதனால் அழிப்பு முழுசாக நடப்பதில்லை, கொஞ்சம் கசிந்துவிடும் என்றாள் ஜோவிட்டா. கசியட்டும், எவ்வளவு வேண்டுமானாலும் கசியட்டும். ஜெசிந்தாவுக்கும் கண்ணில் கசிந்தது, கைக்குட்டை கைப்பைக்குள் எங்கோ சாவிக்கும் ஜெபமாலைக்கும் அடியில் கிடந்தது, முந்தானையே போதும். மின்விசிறிக் காற்று முதல்முறையாகக் கழுத்தில் பட்டது. வயிறு பசித்தது. சமோசா ஆறினால் ஆறட்டும், ஆறின சமோசாவுக்கு என்ன குறை?

ஆனால் எப்போது? மூச்சு சீரான பிறகு இது வந்து உட்கார்ந்துகொண்டது, முள்ளாக இல்லை, பல்லிடுக்கில் சிக்கிய கொய்யா விதையாக. எப்போது பார்த்தாள்? அச்சுக்குப் போகும் வழியிலேயா, பேருந்தில் உட்கார்ந்து மடியில் வைத்துப் புரட்டியபோதா? பார்த்தாள், பழையபடி மாற்றினாள், ஒரு வார்த்தை சொல்லவில்லை. உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கிறவள், துவைத்த துணியை அலமாரியில் மாற்றி வைத்தால் தெருவுக்குக் கேட்கக் கத்துகிறவள், தன் ஆய்வின் மையத்தையே கவிழ்த்துப்போட்டவளை அஞ்சு மாசம் சும்மா விட்டிருக்கிறாள். அந்த அஞ்சு மாசமும் இவள் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள், ‘ஜோவி தீசிஸ் முழுக்க நான்தான் கரெக்ட் பண்ணேன்’ என்று? போன கிறிஸ்துமஸுக்கு... இல்லை, கிறிஸ்துமஸ் இன்னும் வரவில்லை, மாதா திருவிழாவுக்கு வந்த நாத்தனாரிடம், ஜோவிட்டா பக்கத்தில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருக்க, சொன்னாள். ஜோவிட்டா முறுக்கைக் கடித்தாள், அவ்வளவுதான், முகம் கூட மாறவில்லை. அப்போதுதான் ஜெசிந்தா தலை நிமிர்ந்து திரையைப் பார்த்தாள். கேள்வி நேரம் முழுக்க அங்கேயேதான் நின்றுகொண்டிருந்திருக்கிறது அந்தக் கடைசிப் படம், அரை மணி நேரமாக, ஓர் ஆள் உயரத்துக்கு. ஊரில் உள்ள பலகையெல்லாம் படிக்கிறவள் இதைப் படிக்கவில்லை. நெறியாளருக்கு நன்றி, ஆய்வகத்துக்கு நன்றி, நாலைந்து நண்பர்கள். அப்புறம்: ‘அம்மாவுக்கு, ஒவ்வொரு காற்புள்ளிக்கும். அப்பாவுக்கு, கரண்ட் பற்றிய முதல் பாடங்களுக்கு. எஞ்சியுள்ள பிழைகள் என்னுடையவை.’ எஞ்சியுள்ள. அப்படியென்றால் எஞ்சாமல் போனது யாருடையது? எல்லாரும் எழுதுகிற வாசகம்தான் அது, நூறு புத்தகத்தில் ஜெசிந்தாவே பார்த்திருக்கிறாள், ஆனால் இந்தச் சொல்லைப் போடும்போது இவள் மகள் ஓரக்கண்ணால் சிரித்திருக்கிறாள், அது திரையில் தெரிகிறது. முதலில் வைத்திருக்கக் கூடாதா இதை? முதல் படத்திலேயே போட்டிருந்தால் இந்த ஒரு மணி நேரம் செத்துப் பிழைத்திருக்க வேண்டாமே. நான் காலையில் சொன்னது சரிதானே? சரிதான். சொல்லப்போவதில்லை.

“பார்வையாளர்கள் யாராவது கேள்வி கேட்க விரும்பினால்...” என்றார் தில்லைநாயகம். மேடையிலிருந்து ஜோவிட்டாவின் கண் நேராக மூன்றாவது வரிசைக்கு வந்தது. ஜெசிந்தா உதட்டை இறுக்கி மூடிக்காட்டினாள். ஒரு மாணவன் ஏதோ கேட்டான், பதில் வந்தது, பேராசிரியர் வாரியர் எழுந்து, பரிந்துரைக்கிறேன் என்று இரண்டு வரி சொல்ல, டாக்டர் ஜோவிட்டா அருளப்பன் என்று தில்லைநாயகம் அறிவிக்க, அறை எழுந்து கைதட்டியது. அருளப்பன் எல்லாரும் நிறுத்திய பிறகும் தட்டினார். அப்புறம் கூட்டம் வராந்தாவுக்குச் சாய்ந்தது, சமோசா வாசம் அறைக்குள் வந்தது, படியில் நின்று புகைப்படம், ஜோவிட்டா கையில் ஏதோ படிவம், பேனாவால் கையெழுத்துப் போட்டுக்கொண்டே சிரிக்கிறாள். ஜெசிந்தா மேடைப் பக்கம் போனாள். ஆய்வேடு அங்கே மேசை மேல் கிடந்தது, பக்கத்தில் வருகைத்தாள் அட்டை. கை தானாக எண்பத்தேழைப் புரட்டியது. பன்னிரண்டாவது வரி. இருக்கிறது. மேலும் கீழும் இவள் உடைத்துக் கொடுத்த வாக்கியங்கள், களை பிடுங்கிய இடங்கள், எல்லாம் இவள் விட்டபடியே. இந்த ஒன்று மட்டும் மகளுடையது. ‘திறந்திருந்தும்’ என்பதற்கப்புறம் ஒரு காற்புள்ளி வரவேண்டும், அவசரத்தில் விட்டிருக்கிறாள். விரல் நுனி அரித்தது. ஜெசிந்தா அந்த இடத்தைக் கட்டைவிரலால் மூடிப் பார்த்தாள், எடுத்தாள், மறுபடி வாசித்தாள். இருக்கட்டும். அப்படியே இருக்கட்டும், நன்றாகத்தான் இருக்கிறது, மூச்சுவிடாமல் சொன்னால் அதற்கு ஓர் அழகு. வருகைத்தாளை இழுத்துப் பார்த்தாள். அருளப்பன் பெயருக்கும் அந்த மாணவி பெயருக்கும் நடுவில் ஒரு வரி காலியாக இருந்தது. வந்தவள், முழுசாகக் கேட்டவள், வாயைத் திறக்காதவள், அதற்கு ஒரு சாட்சி வேண்டாமா? ஒரு கையில் விரித்த ஆய்வேடும் மறு கையில் அட்டையுமாக வாசல் பக்கம் திரும்பி, “ஒரு பேனா குடுங்களேன்” என்றாள். அருளப்பன் வாயில் சமோசாவோடு இவளைப் பார்த்தார், விரித்திருந்த ஆய்வேட்டைப் பார்த்தார், சட்டைப்பையைக் கையால் பொத்திக்கொண்டார். படியில் நின்ற டாக்டர் ஜோவிட்டா திரும்பினாள், அதே ஆய்வேட்டைப் பார்த்தாள், கையிலிருந்த பேனாவை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள், புகைப்படக்காரனைப் பார்த்துச் சிரித்தாள்.

“கையெழுத்துப் போடத்தாங்க கேக்கிறேன். யாராவது ஒரு பேனா குடுங்களேன்.”